எம்.எஸ். சுவாமிநாதன் நம் நெல்லை அழித்தாரா?

7 ஆகஸ்ட் 2025, காலை: புவனகிரி வாசகர் கேட்டது

இன்று வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனுக்கு நூற்றாண்டாம். ஐ.ஆர். எட்டைக் கண்டுபிடித்து, யூரியாவைக் கொட்ட வைத்து, மாப்பிள்ளைச் சம்பாவையும் களர்பாலையையும் குழியடிச்சானையும் வயலை விட்டே விரட்டியவருக்கு எதற்கு பாரத ரத்னா? நம் கடலூர் மாவட்டத்துக்கு அவர் என்ன செய்தார்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.

7 ஆகஸ்ட், இரவு

பிச்சாவரம். அதைப் பிறகு எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

முதலில் ஐ.ஆர். எட்டு. அது அவர் கண்டுபிடித்ததில்லை தம்பி. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ரகம் அது. தைவானின் குட்டை நெல் ஒன்றையும் இந்தோனேசியாவின் பீட்டா என்ற நெட்டை நெல்லையும் சேர்த்து எடுத்தார்கள். சுவாமிநாதன் அந்த நிலையத்துக்குத் தலைவராகப் போனதே 1982இல். பதினாறு வருடம் கழித்து வந்தவர் கணக்கில் பழைய நெல்லை எழுதுகிறீர்கள்.

அவர் பெயர் நிலைத்தது கோதுமையில். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமையை இங்கே வரவழைத்து, பஞ்சாப், ஹரியானா பக்கம் விவசாயிகளின் வயலிலேயே போட்டுக் காட்டினார். அப்போது அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் துணிந்து 18,000 டன் விதை இறக்குமதிக்குச் சம்மதித்தார். அதுவரை 120 லட்சம் டன் அளவிலேயே நின்ற கோதுமை 1968 அறுவடையில் ஏறக்குறைய 170 லட்சம் டன் ஆனது. அந்தக் கோதுமை நம் கிள்ளைப் பக்கம் ஒரு கதிர்கூட விளையவில்லை. அவருக்கும் நெல்லுக்கும் அந்தக் காலத்தில் சம்பந்தமே கிடையாது.

8 ஆகஸ்ட், காலை

ராத்திரி எழுதிவிட்டுப் படுத்தால் தாத்தா ஞாபகமாகவே இருந்தது. எங்கள் ஊர் கிள்ளைக்கு மேற்கே. தாத்தா அதை 'எட்டு' என்றுதான் சொல்வார். "எட்டு போட்ட வருசம்" என்றால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அத்தை கல்யாணம் நடந்த வருடம்.

அவர் அதைப் புகழ்ந்தும் கேட்டிருக்கிறேன், திட்டியும் கேட்டிருக்கிறேன். புகழ்ந்தது எதற்கு? பழைய சம்பா இடுப்புக்கு மேல் வளரும். உரம் வைத்தால் இன்னும் வளரும். கார்த்திகை மழையில் காற்று அடித்தால் பாயை விரித்த மாதிரி படுத்துவிடும், கதிர் தண்ணீரில் கிடந்து முளைத்துவிடும். எட்டு நிமிர்ந்து நின்றது. உரத்தைத் தின்று உயரம் போகாமல் மணியாக்கியது. திட்டியது எதற்கு என்றால் வைக்கோலுக்கு. வைக்கோல் முழம்கூட இல்லை, மாட்டுக்கு என்ன போடுவது, கூரைக்கு என்ன வேய்வது? அப்புறம் சோறு. சுடச்சுடச் சாப்பிட்டால் சரி, ஆறினால் விறைத்துவிடும். பழையதுக்கு லாயக்கில்லை என்று ஆயா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தது. புகையான் பூச்சி வந்தால் வட்டம் வட்டமாகக் காய்ந்து போகும், மருந்து அடிக்கும் பழக்கம் எங்கள் வீட்டுக்குள் அப்போதுதான் வந்தது.

ஆகவே உங்கள் கோபத்தில் ஒரு பகுதி எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் காலத்தை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. 1966இல் மட்டும் வெளிநாட்டிலிருந்து, பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து, ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியம் கப்பலில் வந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். பசித்த வயிற்றுக்குத்தான் அந்தப் பேச்சு காதில் விழும்.

8 ஆகஸ்ட், மாலை

ஒருவர் கேட்டிருக்கிறார்: அவர் போலீஸ் அதிகாரி ஆகியிருக்க வேண்டியவர் என்பது உண்மையா? உண்மைதான். ஐ.பி.எஸ். தேர்வில் தேறினார். அதே சமயம் நெதர்லாந்தில் மரபியல் படிக்க யுனெஸ்கோ உதவித்தொகை கிடைத்தது. உருளைக்கிழங்கு ஆராய்ச்சிக்குப் போனார். அங்கிருந்து கேம்பிரிட்ஜ், 1952இல் டாக்டர் பட்டம்.

பிறந்தது கும்பகோணம், 1925. அப்பா சாம்பசிவன் அறுவை மருத்துவர். கும்பகோணத்தில் யானைக்கால் வியாதியை ஒழிக்க ஊரையே திரட்டிக் கொசு பெருகும் இடங்களை ஒழித்தவர். மகனுக்குப் பதினொரு வயதாகும்போது இறந்துவிட்டார். வீட்டில் பையனை டாக்டராக்கத்தான் நினைத்திருந்தார்கள். 1943 வங்கப் பஞ்சத்தில் இருபது முப்பது லட்சம் பேர் செத்த செய்தி அவரைக் கோவை வேளாண் கல்லூரிக்கு இழுத்துக்கொண்டு போனது.

அந்த அப்பா கதையை இங்கே வேண்டுமென்றே சொல்கிறேன். ஊரைக் கூட்டி, ஊரை வைத்தே வேலையை முடிப்பது. பிச்சாவரத்தைப் பற்றி எழுதும்போது இது திரும்ப வரும்.

10 ஆகஸ்ட்

7ஆம் தேதி எழுதியதில் ஒரு தப்பு. "நெல்லுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது" என்று எழுதிவிட்டேன். அப்படிச் சொல்லக் கூடாது. 1954இல் வெளிநாட்டிலிருந்து திரும்பியதும் முதலில் வேலை பார்த்தது கட்டாக்கில், மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில். ஜப்பான் வகை நெல்லையும் நம் வகை நெல்லையும் கலக்கும் திட்டம் அங்கே நடந்தது. கொஞ்ச மாதம்தான், அந்த வருடமே டெல்லிக்குப் போய்விட்டார். ஆனால் அந்தக் கலப்பு முயற்சியின் வழியில் வந்ததுதான் நம் ஆடுதுறை 27. தஞ்சாவூர்க் குறுவையை மாற்றிய நெல். 'ஏ.டி.டி. இருபத்தேழு' என்றால் அறுபது வயது தாண்டிய எந்த டெல்டாக்காரரும் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஐ.ஆர். 20 என்று ஒன்று வந்தது, எட்டை விடச் சோறு நன்றாக இருக்கும், எங்கள் வீட்டில் பல வருடம் அதுதான். அதன் ஒரு பக்கத்துப் பெற்றோர் திருவூர்க்குப்பத்து டி.கே.எம். 6. அந்த டி.கே.எம். 6க்குத் தாய் தகப்பனில் ஒன்று ஜி.இ.பி. 24. அது வேறு யாருமில்லை, 1921இல் கோயம்புத்தூரில் தேர்ந்தெடுத்த நம் கிச்சிலிச் சம்பாதான். ஐ.ஆர். எட்டுக்குள்ளும் பீட்டா வழியாக வங்காளத்து லதிசைல் நெல்லின் ரத்தம் ஓடுகிறது. பழைய நெல், புதிய நெல் என்று இரண்டு கட்சியாகப் பிரிக்கும்போது இந்தச் சொந்தபந்தத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் ஆயா பழித்த நெல்லுக்கு அடுத்து வந்த நெல்லில் ஆயா கொண்டாடிய கிச்சிலி பாட்டியாக உட்கார்ந்திருந்தது. உயிரோடு இருந்தால் சொல்லியிருப்பேன்.

11 ஆகஸ்ட்

யூரியா பற்றிக் கேட்டதற்கு. 1968 ஜனவரியில், அந்தப் பெரிய அறுவடை வருவதற்கு முன்பே, வாரணாசியில் நடந்த அறிவியல் மாநாட்டில் அவர் பேசியதைத் தேடிப் படியுங்கள். மண்ணின் வளத்தையும் கட்டமைப்பையும் காப்பாற்றாமல் தீவிர சாகுபடி செய்தால் நிலம் பாலையாகும். வடிகால் இல்லாமல் பாசனம் செய்தால் மண் உவராகும், களராகும். பூச்சிமருந்தைக் கண்டபடி அடித்தால் விஷம் சாப்பாட்டுக்குள் வரும். நிலத்தடி நீரை விஞ்ஞானம் பார்க்காமல் உறிஞ்சினால் வற்றிவிடும். ஊருக்கு ஊர் இருந்த பல ரகங்களை விட்டுவிட்டு ஒன்றிரண்டு ரகத்தை மட்டும் எங்கும் பயிரிட்டால் நோய் மொத்தமாக வாரிக்கொண்டு போகும். எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்த அன்று எனக்கு அவர் மேல் மதிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. தெரிந்தே இருந்திருக்கிறது. 1972 முதல் 1979 வரை நாட்டின் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கே தலைவராக இருந்தார். அந்த ஏழு வருடத்தில் இந்த எச்சரிக்கைக்கு இன்னும் பலமாகக் குரல் கொடுத்திருக்கலாம் என்பதே என் எண்ணம். நம்மாழ்வார் ஐயா கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை உதறிவிட்டு ஊர் ஊராக நடந்து சொன்னதில் பாதி, இந்த 1968 பேச்சிலேயே இருக்கிறது. இருவரையும் எதிரெதிரே நிறுத்தித்தான் நாம் பழகியிருக்கிறோம்.

'வடிகால்' என்ற சொல்லை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

14 ஆகஸ்ட்

சரி, பிச்சாவரம்.

1988இல், அறுபத்து மூன்று வயதில், பிலிப்பைன்ஸிலிருந்து திரும்பிச் சென்னை தரமணியில் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். முந்தின வருடம் கிடைத்த உலக உணவுப் பரிசுப் பணத்தை அதற்குப் போட்டார். முதன்முதலாக அந்தப் பரிசு வாங்கியவரே அவர்தான். கடற்கரை ஆராய்ச்சிக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட இடங்களில் ஒன்று நம் பிச்சாவரம் அலையாத்திக் காடு.

சுற்றுலாவுக்கு வருபவர்கள் படகில் பசுமையான சந்துகளுக்குள் போய்த் திரும்பிவிடுவார்கள். காட்டின் உள்பக்கம் நான் சிறுவனாக இருந்தபோது வேறு மாதிரி. மாமா ஒருவரோடு இறால் வாங்கப் போனபோது பார்த்திருக்கிறேன். நடுவில் வழுக்கைத் தலை போல வெட்டவெளி. மண் மேல் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும், மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஓரத்தில் நின்ற ஒன்றிரண்டு செடியும் முழங்கால் உயரம்தான். காட்டை இருளர்கள் விறகுக்கு வெட்டித்தான் இப்படியானது, ஆடு மாடு மேய்ந்துதான் இப்படியானது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பினேன்.

காரணம் அது இல்லை. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து எழுபதுகள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொத்தமாக வெட்டி விற்பது அரசு நடைமுறையாகவே இருந்தது. மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் சுருங்கி அமிழ்ந்தது, நடுவில் தொட்டி போலப் பள்ளமானது. ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே வரும், வற்றும்போது வெளியே போக வழியில்லை. அங்கேயே நின்று காயும். தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். அடுத்த ஓதத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு. அலையாத்தி உப்பில் வாழும் மரம்தான், அதற்கும் ஓர் அளவு உண்டல்லவா?

இதைக் கண்டுபிடித்தது அந்த நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள். தொண்ணூறுகளில் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து செய்த வைத்தியம் மிக எளியது. வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்னச் சின்னக் கிளைகள். மேலேயிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஓதம் வரட்டும், வந்த வழியே திரும்பிப் போகட்டும், போகும்போது உப்பையும் கழுவிக்கொண்டு போகட்டும். வாய்க்கால் கரையில் வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள். வாய்க்கால் சேறு அடைத்துத் தூர்ந்துவிடும், தூர்வார வேண்டும். அதை ஊர்க் குழுக்களே பார்த்துக்கொண்டன. கும்பகோணத்து டாக்டர் மகன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் அதே இடத்துக்கு நீர்வற்றத்தில் போனேன். துடுப்புக்காரர் ஒரு கிளை வாய்க்கால் வாயில் படகை நிறுத்தினார். சிறுவயதில் நொறுங்கிய மண் இப்போது கறுத்த சேறு. சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் பென்சில் நட்டுவைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் நிமிர்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு வேருக்கும் இடையில் நண்டு வளை. எங்கும் டிக் டிக் என்று சின்னச் சத்தம், நீர் வடிய வடியச் சேறு மூச்சு விடுகிற மாதிரி. ஓர் இருளர் அம்மா மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்த நிலையில் நகர்ந்துகொண்டு கையாலேயே இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார். காட்டை அழித்ததாக நாங்கள் பழி போட்ட அதே மக்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்தக் காட்டு மரத்தால்தான். கோயில் ஊரில் தில்லை மரத்தைத் தேடினால் கிடைப்பது அரிது. பிச்சாவரத்தில் இன்னும் இருக்கிறது. பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கிட்டே போகாதீர்கள்.

15 ஆகஸ்ட்

சுனாமியைப் பற்றி எழுதவில்லையே என்று இரண்டு பேர். எழுதினால் கவனமாக எழுத வேண்டும் என்றுதான் விட்டேன்.

2004 டிசம்பர் 26. கடல் பக்கம் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது, உயிர்கள் போயின. காட்டுக்குப் பின்னால் இருந்த எம்.ஜி.ஆர். நகரும் கலைஞர் நகரும் பிழைத்தன. இரண்டு ஊருக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர், ஒரே காலை. அன்று இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் நிரூபணம் தேவைப்படவில்லை. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து, மரங்கள் இருந்த இடத்தில் சேதம் குறைவு என்று 2005இல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வாளர்களும் அதையே சொன்னார்கள். பிறகு வேறு சிலர் அதே கணக்கைத் திரும்பப் போட்டு, கடலிலிருந்து எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு உயரம் என்பதே பெரிய காரணம் என்றார்கள். இரண்டிலும் உண்மை இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. காடு இருந்ததால்தானே ஊர் அவ்வளவு தள்ளிப் பின்னால் இருந்தது?

17 ஆகஸ்ட்

புதுச்சேரிப் பக்கத்தை விட்டுவிட்டோம். மச்சான் வீடு வில்லியனூர். 1998 வாக்கில் அங்கே ஓர் அறிவு மையம் வந்தது, அதே தரமணி நிறுவனம்தான். செல்போன் இல்லாத காலம். வில்லியனூர் மையத்திலிருந்து வானொலிக் கருவி வழியாகச் சுற்று ஊர்களுக்குத் தகவல் போகும். நெல் விலை, ஆஸ்பத்திரி நேரம், அரசுத் திட்ட விவரம். ஏம்பலத்தில் பெண்களே மையத்தை நடத்தினார்கள்.

எனக்குப் பிடித்தது வீராம்பட்டினம். மீனவர் ஊர். அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்ற கணிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மச்சானோடு ஒரு சாயங்காலம் அங்கே போயிருந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அறிவிப்பு தொடங்கியதும் கையை நிறுத்தினார். கேட்டார். கடலை ஒருமுறை பார்த்தார். மறுபடி வலையைப் பிரிக்க ஆரம்பித்தார். ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

சுனாமி அன்று நல்லவாட்டில், சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்குப் போன் செய்து விசாரித்தபோது விஷயம் புரிந்து எச்சரித்தார். ஊர் இளைஞர்கள் மையத்தின் ஒலிபெருக்கியை எடுத்து எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். ஊர் பிழைத்தது. நெல் விலை சொல்ல வைத்த ஒலிபெருக்கி.

21 ஆகஸ்ட்

புவனகிரித் தம்பிக்கு. விதைத் திருவிழாவில் களர்பாலை, குழியடிச்சான் விதை விற்கிறேன், என்னிடம் போய் அவரைப் புகழலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரியம் செய்கிறீர்கள், மனதாரச் சொல்கிறேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், கம்பெனி முத்திரை போடாமல் விற்கலாம் என்று உரிமை கொடுப்பது 2001ஆம் வருடத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம். அதில் விவசாயி உரிமை இடம்பெற வேண்டும் என்று பல வருடம் போராடி, சட்டத்தின் வடிவத்துக்கும் உழைத்தவர்களில் அவர் முக்கியமானவர். நீங்கள் கடை விரிக்கும் மேஜைக்கு ஒரு கால் அவருடையது.

கம்போடியாவில் போரும் கொலையும் முடிந்தபோது விவசாயிகளிடம் அவர்களுடைய சொந்த நெல்லே இல்லை. எண்பதுகளில் பிலிப்பைன்ஸ் நிலையத்தின் விதை வங்கியிலிருந்துதான் திரும்பப் போனது. அந்த வருடங்களில் அங்கே தலைவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்து நியாயம்: வங்கியில் இருக்கும் விதை தூங்குகிறது, வயலில் இருப்பது வாழ்கிறது. நம் மாவட்டத்தில் வயலில் வாழ வைப்பது உங்களைப் போன்றவர்கள். அவர் நிறுவனம் வெண்கண்டலிலிருந்து உப்பைத் தாங்கும் மரபணுவை எடுத்து நெல்லில் வைத்துப் பார்த்தது. அருமையான விஞ்ஞானம். ஆனால் என் வயலுக்கு இன்று கிடைப்பது உங்கள் கையில் இருக்கும் குழியடிச்சான்தான்.

22 ஆகஸ்ட்

விலை பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 2004 முதல் 2006 வரை தேசிய விவசாயிகள் ஆணையத்தின் தலைவராக ஐந்து அறிக்கை கொடுத்தார். உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலை என்பது அதில் வந்ததுதான். செலவு என்றால் எது என்பதில்தான் சண்டை. சொந்த நிலத்துக்கான வாடகை, போட்ட முதலுக்கு வட்டி இரண்டையும் சேர்த்தால் ஒரு கணக்கு, விட்டால் ஒரு கணக்கு. 2018இல் அரசு எடுத்தது விட்ட கணக்கு. போன தைக்கு நெல்லைக் குவித்து வைத்துக்கொண்டு எட்டு ராத்திரி தார்ப்பாய்க்குக் கீழே படுத்துக் கிடந்தவன் நான். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விடுங்கள்.

30 ஆகஸ்ட்

'வடிகால்' என்ற சொல்லைப் பிடித்து வையுங்கள் என்றேனே, அதன் சொந்தக் கதை.

எங்கள் கீழ்ப் பங்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. உப்பனாற்றிலிருந்து வாய்க்கால் வழியாகச் சுனாமித் தண்ணீர் ஏறிய நிலம். நாற்று நட்டால் நுனி கருகும், திட்டுத் திட்டாகச் செத்துப் போகும். ஒரு கடைக்காரர் ஜிப்சம் போடச் சொன்னார். மண்ணைச் சோதிக்காமல் இரண்டு வருடம் போட்டேன். காசு போனதுதான் மிச்சம். பிறகு மண் பரிசோதனையில் தெரிந்தது: என் நிலம் உவர், அதாவது உப்பு தேங்கிய மண். களர், அதாவது சோடியம் ஏறி இறுகிய மண் இல்லை. களருக்கு ஜிப்சம் கேட்கும். உவருக்குக் கேட்காது. உவருக்கு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, கழுவிய தண்ணீரை வெளியே அனுப்ப வேண்டும். பிச்சாவரத்தில் படகு நின்ற அந்த வாய்க்கால் அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. என் பங்கு மூன்று பக்கம் உயரமான வரப்பு, நாலாவது பக்கம் ரோடு. தொட்டி.

எப்படி வெட்டினீர்கள் என்று மூன்று பேர் கேட்டிருப்பதால்: நடுவில் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு வடிகால், அதில் வந்து சேருகிற மாதிரி இரண்டு பக்கமும் சாய்வாக நாலு நாலு கிளை, முக்கால் அடி ஆழம். ரோட்டுக்குக் கீழே சிமெண்ட் குழாய் ஒன்று, கடல்நீர் ஏறும் நாளில் அடைக்க ஒரு பலகை. ஐப்பசி மழை விழுந்ததும் வரப்பைக் கட்டி இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துவேன், பிறகு பலகையைத் தூக்கிவிடுவேன். மூன்று முறை இப்படி. மழைக்கு முன் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவேன். போன வருடம் பாதிப் பங்கில் செய்து பார்த்தேன், அந்தப் பாதியில் பயிர் கருகவில்லை. இந்த வருடம் முழுதும் வெட்டிவிட்டேன்.

தம்பி, குழியடிச்சான் விதை இருபது கிலோ வேண்டும். விலையைச் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன். புவனகிரியில் பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போன் பண்ணினால் கிள்ளையில் நின்று வாங்கிக்கொள்வேன். ஒரு பாத்தியில் அதையும் பக்கத்துப் பாத்தியில் கோ 43யும் போடப் போகிறேன். கோ 43யும் உப்பைத் தாங்கும் என்று பெயர் எடுத்ததுதான். கார்த்திகை கடைசியில் இரண்டையும் வந்து பாருங்கள்.